வான் பாஸ்டன் கோலுக்கு 15 நிமிஷம் கழிச்சு உள்ள வந்தவர்: செர்கெய் பல்தாச்சாவின் கதை

[திரையில்: மியூனிக், 1988 ஜூன் 25]

கால்பந்து பார்க்கிற யாரா இருந்தாலும் இந்த கோலைப் பார்க்காம இருந்திருக்க மாட்டீங்க. யூரோ கோப்பை இறுதிப் போட்டி, 54-வது நிமிஷம். இடது ஓரத்துல இருந்து நெதர்லாந்து வீரர் மியூரன் தூக்கிப் போட்ட பந்து இன்னும் தரையைத் தொடல. ஓடி வந்த வான் பாஸ்டன் அந்தரத்துலயே வச்சு அடிக்கிறார். அந்தக் கோணத்துல இருந்து யாரும் கோலுக்கு அடிக்கவே யோசிப்பாங்க. பந்து சோவியத் கோல்கீப்பர் தசாயெவ் தலைக்கு மேல பறந்து வலையில விழுது. நெதர்லாந்து 2, சோவியத் யூனியன் 0.

ஆனா மக்களே, நான் இன்னைக்குப் பேச வந்தது வான் பாஸ்டனைப் பத்தி இல்ல. அதுக்கு 15 நிமிஷம் கழிச்சு, 69-வது நிமிஷத்துல, சோவியத் பக்கம் மாற்று ஆட்டக்காரரா உள்ள வந்தார் பாருங்க, ஒரு டிஃபெண்டர், அவரைப் பத்தி. பேரு செர்கெய் பல்தாச்சா. ஐரோப்பாவோட இறுதிப் போட்டியில ஆடின இந்த மனுஷன், ஏழே மாசத்துல இங்கிலாந்துல இரண்டாம் டிவிஷன்ல நிக்கிறார். இங்கிலீஷ் லீக்ல ஆடின முதல் சோவியத் வீரர் இவர்தான். அங்க அவரை எங்க கொண்டு போய் நிறுத்தினாங்கன்னு கேட்டா, எனக்கு வந்த மாதிரியே உங்களுக்கும் ஆத்திரம் வரும்.

முன்கதையை வேகமா முடிச்சிடுறேன். 1958-ல மரியுபோல்ல பிறந்தார், உக்ரைன்ல அசோவ் கடல் ஓரத்துல இருக்கிற இரும்பாலை ஊர். 1977-ல துனீசியாவுல நடந்த முதல் உலக இளையோர் கோப்பையை ஜெயிச்ச சோவியத் அணியில இருந்தார். உக்ரைன் தலைநகர் கீவ்ல இருக்கிற டைனமோ கீவ் கிளப்போட 4 முறை சோவியத் சாம்பியன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம். 1982 உலகக் கோப்பையில நியூசிலாந்துக்கு எதிரா ஒரு கோல். நாட்டுக்காக 45 மேட்ச்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். அவர் ஆடின பொசிஷன், ஸ்வீப்பர்.

ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. பரிமாறுறவங்க ஆளுக்கொரு வாளியோட ஓடிட்டு இருப்பாங்க. சாம்பார் ஒருத்தர், ரசம் ஒருத்தர், அப்பளம் ஒருத்தர். பின்னாடி ஒரு பெரியவர் நிப்பார், கையில ஒண்ணும் இருக்காது. கண்ணு மட்டும் எல்லா இலையிலயும் இருக்கும். "நாலாவது இலைக்குச் சோறு வை", "அந்தக் கடைசியில குழந்தைக்குத் தண்ணி இல்ல பாரு." யார் எங்க விட்டாங்களோ, அதை விருந்தாளி வாய் திறந்து கேட்கிறதுக்குள்ள சரி பண்ணிடுவார். அவர் நிக்கிற வரைக்கும் பந்தியில ஒரு குறையும் தெரியாது. அவர் ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள போயிட்டா தெரியும்.

ஸ்வீப்பர் அதுதான். மத்த டிஃபெண்டர் ஒவ்வொருத்தருக்கும் பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் இருப்பான். இவருக்குன்னு ஆள் கிடையாது. எல்லாருக்கும் பின்னாடி நிப்பார், இவருக்குப் பின்னாடி கோல்கீப்பர் மட்டும்தான். யார் ஏமாந்தாலும் அந்த ஓட்டையை அடைக்கணும். எதிரணி ஃபார்வர்டு ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவர் ரெண்டு அடி நகர்ந்து நின்னிருப்பார். பந்து நேரா அவர் கால்ல வந்து நிக்கும். பார்க்கிறவனுக்கு அது ஏதோ தற்செயலா நடந்த மாதிரி தெரியும். முழு மைதானமும் கண்ணு முன்னாடி இருக்கிறதால, அங்க இருந்து அடுத்த தாக்குதலைத் தொடங்கி வைக்கிறதும் அவர்தான்.

இதுல இன்னொரு சுவாரஸ்யம் இருக்கு. டைனமோ கீவ் கோச் லோபனோவ்ஸ்கி பொறியியல் படிச்சவர். ஸெலென்ட்சோவ்னு ஒரு விஞ்ஞானியைக் கூட வச்சுக்கிட்டு, ஆட்டக்காரங்களோட ஒவ்வொரு அசைவையும் எண்ணினார், கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தார். அவங்க போட்ட கணக்கு இதுதான்: ஒரு அணி செய்யுற காரியங்கள்ல தப்பு 15-ல இருந்து 18 சதவீதத்துக்குள்ள இருந்தா, அந்த அணியை யாராலயும் ஜெயிக்க முடியாது. சரி, அந்த 18 சதவீதம் தப்பு நடக்கும்போது அதை யார் அள்ளுறது? பின்னாடி நிக்கிற பல்தாச்சாதான். எனக்கு இதை முதல்ல யோசிச்சப்போ புல்லரிச்சுது.

1986 மே 2, பிரான்ஸ்ல லியோன் நகரம். ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை இறுதிப் போட்டி, எதிர்ல அட்லெட்டிகோ மாட்ரிட். தேதியைக் கவனிங்க. கீவ்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர்ல இருக்கிற செர்னோபில்ல அணு உலை வெடிச்சு அப்போ ஆறு நாள்தான் ஆகுது. டைனமோ 3-0ன்னு ஜெயிச்சது. பல்தாச்சா முழு மேட்ச் ஆடல, 38-வது நிமிஷத்துலயே வெளிய வந்துட்டார். அந்த வருஷம் மெக்ஸிகோ உலகக் கோப்பை அணியில அவர் இல்ல. 28 வயசு, ஒரு டிஃபெண்டருக்கு உச்ச வயசு. அந்த இழப்பு பெருசு.

ரெண்டு வருஷம் கழிச்சு கோர்பச்சேவ் காலத்துல, சோவியத் வீரர்கள் வெளிநாட்டு கிளப்புக்கு ஆடப் போகக் கதவு திறக்குது. சக வீரர் ஸவாரோவ் இத்தாலியோட யுவென்டஸுக்குப் போறார், தசாயெவ் ஸ்பெயினோட செவில்லாவுக்கு. பல்தாச்சா வந்து சேர்ந்தது இங்கிலாந்தோட இப்ஸ்விச் டவுன். லேசான கிளப் இல்ல, 1981-ல யூஈஎஃப்ஏ கோப்பை வாங்கின கிளப். ஆனா 1986-ல கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருந்தாங்க.

அங்க அவரை நிறுத்தின இடம்? வலது பக்க மிட்ஃபீல்டு!

பந்திக்குப் பின்னாடி நின்ன பெரியவர் கையில ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்து, கடைசி வரிசைக்கு ஓடுங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அன்னைக்கு இங்கிலாந்துல கீழ் டிவிஷன் ஆட்டம் பெரும்பாலும் பின்னாடி இருந்து நீளமா தூக்கி அடிக்கிறதுதான். அப்படிப்பட்ட ஆட்டத்துல கோட்டோரமா நிக்கிறவனுக்குப் பந்து தலைக்கு மேல போறதைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். அப்படியும் ஸ்டோக் சிட்டிக்கு எதிரா முதல் மேட்ச்லயே கோல் போட்டார்! இப்ஸ்விச்சுக்கு லீக்ல அவர் போட்ட ஒரே கோலும் அதுதான்.

ஒரு நிமிஷம் வீடியோவை நிறுத்திட்டு கமெண்ட்ல எழுதுங்க: சரியான ஆளைத் தப்பான இடத்துல நிறுத்தின டீம் உங்களுக்குத் தெரிஞ்சு எது?

1990-ல ஸ்காட்லாந்து, செயின்ட் ஜான்ஸ்டன். அங்க மூணு வருஷம்.

அப்புறம்தான் கோச் வேலை. 1994, இன்வர்னஸ். கலிடோனியன், இன்வர்னஸ் திசில்னு நூறு வருஷத்துக்கு மேல எதிரும் புதிருமா இருந்த ரெண்டு கிளப்பை ஒண்ணாக்கி, ஸ்காட்லாந்து லீக்ல சேர்த்தாங்க. ரெண்டு பக்க ரசிகர்களும் கொதிச்சுப் போயிருந்தாங்க. அந்தப் புது கிளப்புக்கு முதல் மேனேஜர் பல்தாச்சா. வயசு 36, கூடவே ஆட்டக்காரராவும் இறங்கினார். முதல் லீக் மேட்ச்ல ஆர்ப்ரோத்தை 5-2ன்னு ஜெயிச்சாங்க. சீசன் முடிவுல நாலாவது டிவிஷன்ல 6-வது இடம். ஒரே வருஷத்துல அவர் கிளம்பிட்டார். அதே கிளப் 2015-ல ஸ்காட்டிஷ் கோப்பையையே தூக்குச்சு. அதுக்கான பெருமை பின்னாடி வந்தவங்களுக்குப் போறது நியாயம்தான். ஆனா, ரெண்டு கிளப் சண்டைக்கு நடுவுல முதல் வருஷம் நின்னவரையும் சேர்த்துச் சொல்லணும்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் சார்ல்டன் அத்லெட்டிக் அகாடமியில சின்னப் பசங்களுக்குக் கத்துக்கொடுத்தார். வீடு முழுக்க விளையாட்டுதான். மனைவி ஓல்கா, அஞ்சு தடகளப் போட்டி சேர்ந்த பென்டத்லான்ல வீராங்கனை. மகன் செர்கெய் ஸ்காட்லாந்தோட 21 வயசுக்குட்பட்டோர் அணியில ஆடினார். மகள் எலெனா 1983-ல கீவ்ல பிறந்தவங்க. ஈரல் நோயோட ஆடிக்கிட்டே பிரிட்டன்ல முதலிட டென்னிஸ் வீராங்கனை ஆனாங்க, 2010-ல உலகத் தரவரிசையில 49-வது இடம். 2014 மே 4-ஆம் தேதி ஈரல் புற்றுநோயால இறந்துட்டாங்க. 30 வயசு.

எலெனா தன் பேர்ல குழந்தைகளுக்கு ஒரு டென்னிஸ் அகாடமி ஆரம்பிச்சிருந்தாங்க. எந்த ஊர்ல தெரியுமா? அப்பாவை வலது ஓரத்துல நிறுத்தி வச்ச அதே இப்ஸ்விச்ல. அஞ்சு வயசுல அவங்க இங்கிலாந்துக்கு வந்து இறங்கின ஊர் அது.