அரிவாள் செல் சோதனை: எங்கே கோட்டை விடுகிறோம்?

(சென்னையில் ஆய்வக டெக்னீஷியன்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நீலகிரி மலைமக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபு, அதாவது சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் பரம்பரைக் குறை, இருப்பதை வெளியிட்டார்கள். இருளர், குறும்பர், பணியர் எல்லாம் நமக்குத் தெரிந்த பெயர்கள்தாம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்று பெரிதும் எண்ணியிருந்த ஒன்று, நம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்திருக்கிறது. நீலகிரியின் கூடலூரிலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் சென்னைக்கு வருகிற பிள்ளைகளின் ரத்தமும் இங்கேதான் பரிசோதனைக்கு வருகிறது. எனவே இதைச் சரியாகச் செய்ய வேண்டிய கடமை நமக்கு உண்டு.

பிழை இருப்பது சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில்தான் என்று 1949இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. அது எந்த இடம் என்று தேடிப் பிடித்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த வெர்னன் இங்கிராம். ஹீமோகுளோபினை டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டி, வடிதாளில் ஒரு சொட்டாக வைத்தார். ஒரு திசையில் மின்சாரம், அதற்குக் குறுக்கே கரைப்பான். துண்டுகளுக்கு நிறமூட்டும் நின்ஹைட்ரின் தெளித்ததும் சுமார் 30 புள்ளிகள் தெரிந்தன. நல்ல ரத்தத்தையும் நோயாளி ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில், குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய 6ஆவது இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜனை இழந்த நேரத்தில் அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நாராக நீளும். உருண்டையான சிவப்பணுவை உள்ளிருந்து இழுத்து அரிவாளாக வளைத்துவிடும்.

நாம் கண்ணாடித் தகட்டில் செய்வதும் இதே ஆக்சிஜனைப் பறிக்கும் வேலைதான். 0.2 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட்டை 10 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 2% கரைசல். ஊதா மூடிக் குழாயிலிருந்து (ரத்தம் உறையாமல் காப்பது) ஒரு சொட்டு ரத்தம், அதோடு இரண்டு சொட்டுக் கரைசல், மேலே கவர் ஸ்லிப். விளிம்பு நான்கையும் வாசலினால் அடைத்து, அரை மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மறுநாள் மறுபடி பாருங்கள். கேரியரின், அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவரின், அணுக்கள் மெதுவாகத்தான் வளையும்.

பெரும்பாலான தவறுக்குக் காரணம் நேற்றைய கரைசல். மெட்டாபைசல்பைட் காற்றுப் பட்டாலே வீரியம் இழந்துவிடும்; அன்றன்றைக்குக் கரைத்ததை மட்டும் பயன்படுத்துங்கள். விளிம்பில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று புகுந்து முடிவைக் கெடுக்கும். காய்ந்து சுருங்கி முள்முள்ளாய் நிற்கும் அணுவை அரிவாள் என்று எண்ணிவிடக் கூடாது. அரிவாளுக்கு இரு முனையும் கூராக இருக்கும். அரிவாள் உண்டு என்று தெரிந்த ஒரு ரத்தத்தையும் இல்லாத ஒன்றையும் கூடவே ஓட்டினால்தான் உங்கள் முடிவை நம்பலாம். பச்சிளங்குழந்தைக்கு இந்தச் சோதனை உதவாது. கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாக இருந்து மறைத்துவிடும்.

அரிவாள் இருக்கிறது என்று மட்டுமே தகடு சொல்லும். கேரியரா நோயாளியா என்பதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனை தேவை. கேரியரிடம் அரிவாளாக்கும் எஸ் வகை ஹீமோகுளோபின் சுமார் 35 முதல் 40% வரை இருக்கும், மீதியில் பெரும்பகுதி சாதாரண ஏ. இரு பெற்றோரிடமிருந்தும் எஸ் பெற்ற நோயாளியிடம் அந்த ஏ இருக்காது.

இப்போது எனக்கு மிகுந்த கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். பெண்ணுக்கு அரிவாள் மரபு உண்டு. மாப்பிள்ளைக்குத் தகட்டுச் சோதனையில் 'இல்லை' என்று வந்தது. குடும்பம் நிம்மதியாகப் போய்விடுகிறது. ஆனால் மாப்பிள்ளை, பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறையான பீட்டா தலசீமியாவின் கேரியராக இருந்தால்? ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பில் குழந்தை இரண்டையும் சேர்த்துப் பெறும். அதுவும் அரிவாள் செல் நோய்தான். தகட்டில் தலசீமியா தெரியவே தெரியாது.

ஆகவே துணைவரின் சி.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை) தாளைக் கேட்டு வாங்குங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.8 (மைக்ரோலிட்டருக்கு மில்லியனில்) என்று இருக்கிறதா? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 11. விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகித்து, உடனே எச்.பி.எல்.சி.க்கு அனுப்புங்கள். ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5%க்கு மேல் இருந்தால் தலசீமியா கேரியர் என்று கொள்ளலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு ஏ2வைத் தாழ்த்திக் காட்டும். சமீபத்தில் ஏற்றிய ரத்தம் எல்லா எண்ணையும் குழப்பும். அனுப்பும் படிவத்திலேயே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) அளவையும், கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதியையும் எழுதி அனுப்புங்கள்.