கண்டக்டர் பையில் ஒரு புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் – ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, பேராசிரியர் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். சிரித்தார்களே தவிர பதில் சொல்லவில்லை.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். அதனால் என் வாசிப்பெல்லாம் வண்டி நிற்கும்போதுதான். ஏற்காட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, கடைசி சீட்டில் காலை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம். டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தால் புத்தகம் பைக்குள் போய்விடும். இப்படியே படித்துப் படித்து எனக்கென்று ஓர் அளவுகோல் வந்துவிட்டது. மூடிவைத்த புத்தகம், பஸ் அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஒரு தடவையாவது நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன், விருது வாங்கிய புத்தகமே ஆனாலும்.

அடுத்தது காது. காபிப் பழம் பறிக்கும் நாட்களில் நாகலூர், வாழவந்திப் பக்கத்துப் பெண்கள் ஏறினால் பஸ்ஸே பேச்சாகத்தான் இருக்கும். கூலி, மாமியார், மகனின் படிப்பு என்று எல்லாம் என் காது வழியாகத்தான் மலை இறங்கும். அப்படிக் கேட்டுப் பழகியவனுக்குக் கதையில் ஓர் ஆள் பொய்யாகப் பேசினால், செல்லாத நோட்டு விரலில் தட்டுப்படுவதுபோல உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் எனக்கு ஒரு பொய்யும் அகப்படாத நாவல் இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இன்ஜினியரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். உள்ளே அவள், வெளியே சொந்தபந்தம். அந்த வாசலில் நடக்கிற பேச்சுதான் புத்தகம். யார்மேல் தப்பு என்று ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். பேசுகிறவர் வாயை அடைத்து ஆசிரியர் விளக்கம் சொல்ல வருவதே இல்லை. அழுகை சில இடங்களில் நீள்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே நீளம்தான்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023இல் அகாதெமி விருது வாங்கியது. கொங்குப் பகுதி நாவிதர் குடும்பங்களின் கதை, காரு மாமாவின் சாவைச் சுற்றி நடப்பது. முதலில் எனக்கு உறவுமுறை பிடிபடவில்லை. யாருக்கு யார் அத்தை, யார் கொழுந்தியாள் என்று தடுமாறி, வழக்கம்போல வீட்டம்மாவிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் காலண்டர் தாளின் பின்பக்கம் மொத்த வம்சத்தையும் கோடு போட்டு இணைத்து நீட்டினார். அதை வைத்துக்கொண்டுதான் படித்து முடித்தேன். தலைப்பு புறநானூற்று 192ஆம் பாட்டில் இருந்து வந்தது. ‘யாதும் ஊரே’ என்று மேடைக்கு மேடை நாம் சொல்கிற அதே பாட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வரிக்குமேல் நான் போனதே இல்லை. நாவலை முடித்த பிறகுதான் பதின்மூன்று வரியையும் படித்தேன். ஒன்பதாவது வரியில், ஆற்றுவெள்ளம் இழுத்த இழுப்புக்குப் போகிற தெப்பம் வருகிறது. காரு மாமாவும் அப்படித்தான் போனார்.

கதையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் நெல்லை கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். தலைவரைப் பற்றிய புத்தகம் என்று நினைத்து எடுத்தேன். அன்று தெருவில் இறங்கியவர்கள் பக்கம் போகிறது நூல், எனக்குப் பிடித்தது அதுதான். கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இப்போது வருகிற எழுநூறு, எண்ணூறு பக்க நாவல்களைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. பாதியை வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. கண்டக்டர் பையில் சில்லறைக்கும் இடம் வேண்டாமா?

ஒன்றைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். ‘செல்லாத பணம்’ நூலகப் பிரதிதான். நடுவில் ஒரு மெஷின் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. பழைய பழக்கம், எந்த ஸ்டேஜ் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மை முழுக்க வெளிறிவிட்டது. நானும் ஏறக்குறைய அதே பக்கத்தில்தான், மேலே படிக்கத் தெம்பில்லாமல் இரண்டு நாள் மூடிவைத்தேன். டிக்கெட்டை இருந்த பக்கத்திலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வணக்கம்.