வடிகட்டும் வேலைக்குக் கரிமமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஒளி வடிகட்டிக்கு ஏற்றது கரிமக் குறைக்கடத்தியா, கனிமப் படலமா?" என்பது தலைப்பு. கரிமக் குறைக்கடத்தி என்பது கார்பன் மூலக்கூறுகளால் ஆன, ஓரளவு மின்சாரம் கடத்தும் பொருள்; கனிமப் படலம் என்பது ஆக்சைடு போன்ற பொருள்களின் மெல்லிய பூச்சு. கரிமமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "கரிமப் பொருள் வெயிலில் வெளுத்துவிடும், கண்ணாடிமேல் படிந்த ஆக்சைடு படலமோ காலத்துக்கும் நிற்கும்" என்று அடித்துச் சொன்னார். சில சாயங்களுக்கு அது உண்மைதான். எல்லாவற்றுக்கும் அல்ல ஐயா! பெராரி காரின் பேர்பெற்ற சிவப்பு எதிலிருந்து வந்தது? டைகீட்டோபிரோலோபிரோல் என்ற கரிம நிறமியிலிருந்து. 1974இல் வேறொரு சேர்மத்தைச் செய்யப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்த மூலக்கூறு அது. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்கே அதைப் பூசுகிறார்கள். எல்சிடி திரையின் சிவப்பு வடிகட்டியிலும் அந்த நிறமி உண்டு. அந்த மூலக்கூறின் நடுக்கட்டமைப்பைச் சங்கிலியாகக் கோத்துத்தான் பாலிமர் டிரான்சிஸ்டர்களும் செய்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அந்தத் துளியே உருப்பெருக்கியாகி, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும். பின்னால் எரிவது வெள்ளை விளக்கு. நிறம் பிரிப்பவை கரிம நிறமிகள். நீலத்துக்கும் பச்சைக்கும் பெரும்பாலும் தாலோசயனின் குடும்பம். அந்தக் குடும்பத்தின் செம்பு தாலோசயனின்தான் 1986இல் கோடாக் ஆய்வகத்தின் சிங் டாங் அறிவித்த ஈரடுக்குச் சூரிய மின்கலத்தில் ஓர் அடுக்கு. நிறமியாகவும் இருக்கும், மின்சாரமும் தரும்!

சரி, கனிமப் படலம் எப்படி வடிகட்டுகிறது? டைட்டானியம் டையாக்சைடும் சிலிக்கான் டையாக்சைடும் மாறி மாறி அடுக்கி, ஒளியலைகளின் குறுக்கீட்டால்; அதாவது அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியோ அழித்தோ விடுவதால். அதைக் கையில் பிடித்துச் சாய்த்தால், கடந்துவரும் நிறம் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். கரிமப் படலம் ஒளியை உறிஞ்சி வடிகட்டுகிறது. எந்த நிறத்தை உறிஞ்சுவது என்பது மூலக்கூறிலேயே இருப்பதால், சாய்த்தாலும் அது மாறாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சூரியனில் ஹைட்ரஜன் உமிழும் 656.28 நானோமீட்டர் கோட்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், கரிமத்தால் அவ்வளவு குறுகலாக வடிகட்ட முடியாது. ஈரமும் ஆக்சிஜனும் புகாமல் மூடி வைக்கவும் வேண்டும். கரிமப் பொருளே ஒளிரும் ஓலெட் திரைகளில் அதைத் தினமும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

அப்புறம், என் மனதுக்கு மிகவும் பிடித்த சான்று. 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடிகட்டியே ஒட்டாத ஓர் ஒளியுணரியைக் காட்டினார்கள். வழக்கமாக நூறு, இருநூறு நானோமீட்டர் போடும் கரிமப் படலத்தைச் சில மைக்ரான் தடிமனாகப் போட்டார்கள். பொருள் நன்றாக உறிஞ்சும் அலைநீளங்கள் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே பிறக்கும் மின்னூட்டம் எதிர் முனை போய்ச் சேர்வதற்குள் மீண்டும் இணைந்து அழிந்துபோகிறது. உறிஞ்சும் எல்லையின் ஓரத்தில், பொருள் அரைகுறையாக உறிஞ்சும் அலைநீளங்கள் மட்டும் படலம் முழுக்க ஊடுருவி மின்னோட்டமாகின்றன. கரிமத்தில் மின்னூட்டம் மெதுவாகத்தான் நகரும்; குறை என்று ஒதுக்கப்பட்ட அந்த மந்தமே இங்கே வடிகட்டியாகிவிட்டது. வடிப்பதும் உணர்வதும் ஒரே படலம்.

இப்படி ஓர் உணரிக்கு மேல் தங்கள் கண்ணாடி எதற்குத் தேவைப்படும் என்பதை எதிரணியினர் சொல்லட்டும் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.