மொழிகளின் உறவை எப்படி அறிகிறோம்?

நேயர்களே, வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டிலும் பக்கத்துச் சிங்கள வீட்டிலும் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். இங்கே மேசை, அங்கே மேசய. இங்கே அலுமாரி, அங்கே அல்மாரிய. அக்கா இரண்டு வீட்டிலும் அக்காதான். அப்படியானால் இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகளா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் வழியாக இரு வீடுகளுக்கும் வந்தவை. அக்கா தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொல். சொற்கள் சந்தைப் பண்டம் போலக் கைமாறும். அவை ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு பேசக் கூடாது.

பின் எதை வைத்துப் பேசுவது? வேறுபாட்டை வைத்துத்தான். ஆனால் அந்த வேறுபாடு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லிப் பாருங்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பூ, ஹூ. ஒரு சொல் தற்செயலாக ஒத்துப்போகலாம். இத்தனை சொற்கள் ஒரே மாதிரி விலகி நிற்பது தற்செயலாகாது. பழங்கன்னடத்திலோ இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. எந்த ஒலி மூத்தது என்பதும் இதனால் தெரிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நாம் செவி என்கிறோம், கன்னடர் கிவி என்கிறார்கள். நம்முடைய சேரி அவர்களுக்குக் கேரி. நம்முடைய சிறு அங்கே கிரு. முன்பு ககரமாக இருந்தது இகர, எகர ஒலிகளுக்கு முன்னே தமிழில் சகரமாகிவிட்டது. சரி, அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கெடு ஏன் செடு ஆகவில்லை? கேள், கீழ், கிழவன், கிண்ணம், இவற்றை ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள். ககரத்துக்கு அடுத்து வரும் மெய்யைச் சொல்லும்போது நாக்கு மேலே மடிகிறதல்லவா? ட, ண, ள, ழ. நாக்கு மடியும் ஒலி அடுத்து நின்றால் தமிழில் ககரம் மாறவில்லை. தெலுங்குக்கு இந்தத் தடை இல்லை. அங்கே கிளி சிலுக, கெடு செடு. கீரை போன்ற சில சொற்கள் இந்த விதிக்குள் வராமல் நிற்கின்றன, அவற்றுக்குத் தனி விளக்கம் தேட வேண்டும். ஆனாலும் எழுதி வைக்காத காலத்தில் நடந்த மாற்றம் ஒன்று நம் நாக்கிலேயே தடயம் விட்டுச் சென்றிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது, அதை நாம் அறிவோம். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1816இல், சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் ஒரு தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அருகருகே வைத்து, இவை சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தங்களுக்குள் உறவுடையவை என்று காட்டிவிட்டார். அந்த வேலைக்குத் துணை நின்ற பட்டாபிராம சாஸ்திரி போன்ற உள்ளூர்ப் புலவர்களின் பெயர்களையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நேரம் குறைகிறது என்று சைகை வருகிறது. சிங்களத்தின் உடன்பிறப்பு எது? தமிழ் அல்ல, மாலைதீவின் திவெஹி மொழி. சிங்களத்தில் 'பஸ்தெனா' என்றால் ஐந்து பேர். அந்தப் 'பஸ்' திவெஹியில் 'ஃபஸ்'. சிங்களத்துப் 'பென்', அதாவது தண்ணீர், அங்கே 'ஃபென்'. மீண்டும் அதே ஒழுங்கு, பகரத்துக்கு ஃபகரம். வில்ஹெல்ம் கைகர் என்ற ஜெர்மானிய அறிஞர் மாலைதீவு மொழியைப் பற்றி எழுதிய ஆய்வு 1919இல் கொழும்பிலேயே வெளியானது.

பிராகுயி மொழிக்கு விரிவாக வர எண்ணியிருந்தேன், ஒரு வாக்கியத்தோடு நிறுத்துகிறேன்: அது தமிழின் தூரத்து உறவு, பலுசிஸ்தானில் வாழ்கிறது, அங்கே இரண்டு 'இரட்', மூன்று 'முசிட்', நான்கிலிருந்து எண்கள் பாரசீக வழியில் வந்தவை. வணக்கம்.