இன்னொரு தரம்!

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எங்கள் அணித் தோழி சொல்லிவிட்டார். நான் நேரே ரசத்துக்கு வருகிறேன்.

ஆமாம், ரசம்தான். எதிரே ஆள் நிற்பதாக எண்ணிக்கொண்டு தனியாகச் செய்யும் அடிவரிசைதான் கட்டா. 'கராத்தே கட்டா தலைமுறை தலைமுறையாக மாறி வந்தது வளர்ச்சியா, சிதைவா?' என்று கேட்கிற மேடையில் ரசத்தைக் கொண்டுவந்து இறக்கியவர் எனக்கு முன்னால் பேசிய அண்ணன். "பழைய ஆசான்கள் வைத்த ரசத்தில் இதோசு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார், ஃபுனாகோஷி ஒரு சொம்பு ஊற்றினார், அவர் மகன் வந்து இன்னொரு சொம்பு ஊற்றினார். இன்றைக்கு நம் பிள்ளைகள் குடிப்பது வெந்நீர்" என்றார். அந்த மூவரும் கராத்தே ஆசான்கள். கூரை அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், அண்ணே. தண்ணீர் இல்லாமல் ரசம் ஏது? நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். தண்ணீர் சேர்க்காமல் நிறுத்தினால் அதற்குப் பெயர் புளிக்கரைசல். அதை யாராவது சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவோமா?

சரி, இதோசு என்ன செய்தார்? 1831-ல், இன்றைய ஜப்பானின் ஒகினாவாத் தீவில், ஷூரி என்ற ஊரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கராத்தே வெளியே தெரியாமல், பெரும்பாலும் இராத்திரியில், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் என்பது அன்றைய கணக்கு. 1901-ல், எழுபது வயதில், இதோசு இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். எதிரே நின்றது வீரர்கள் அல்ல, சிலேட்டும் கையுமாக இருந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிடம் போய் குஷான்கு என்ற நீண்ட கட்டாவைச் செய் என்று சொல்ல முடியுமா? ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் இன்றைய வடிவத்தில் அதற்கு 65 அசைவு. மாறும் திசை, குதிப்பு, தரையோடு தாழ்வது எல்லாம் அதில் உண்டு. பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். ஆகவே அதிலிருந்து கொஞ்சம், வேறு கட்டாக்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, பின்னான் என்ற பெயரில் ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்தார். ஹெயான் என்று நம் பிள்ளைகள் செய்கிறார்களே, அதுதான். முதல் ஹெயானுக்கு 21 அசைவு.

இதற்குத்தான் அண்ணன் தண்ணீர் ஊற்றினார் என்கிறார். ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் தாய் என்ன செய்வாள்? சோற்றைக் குழைப்பாள், தெளிவை மட்டும் இறுத்து ஊற்றுவாள், மிளகை ஒதுக்குவாள், தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள், பிறகுதான் குழந்தையின் வாயில் வைப்பாள். அவளைப் பார்த்து, அம்மா, நீ ரசத்தைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதோடு, பெரிய சட்டியில் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விடவில்லையே! குஷான்கு இன்றும் இருக்கிறது. ஷோட்டோகானில் கன்கு என்று பெயர் மாறியது, ஆனால் நீளம் குறையவில்லை. இதோசு பிள்ளைகளுக்கென்று தனிக் கிண்ணம் எடுத்தார், அவ்வளவுதான். அந்தக் கிண்ணம் இல்லையென்றால் இன்று சாயங்காலம் இந்த மேடையில் மஞ்சள் பெல்ட் பிள்ளைகள் எதைச் செய்திருப்பார்கள்?

அப்புறம், ஃபுனாகோஷி. 'அவசரக்காரர், டோக்கியோவுக்குப் போனதும் பெயரை மாற்றினார், வரிசையை மாற்றினார்' என்றார் அண்ணன். அவசரக்காரரா? அவர் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்த கதை.

ஷூரியில் ஓர் இளைஞர். இராத்திரி ஊர் அடங்கியதும் வீட்டை விட்டுக் கிளம்புவார். நிலா இல்லாத நாளில் கையில் மங்கலாக ஒரு விளக்கு. விடிகிற நேரத்துக்குத் திரும்பி வருவார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். ஊர் சும்மா இருக்குமா? ஒகினாவாவாக இருந்தால் என்ன, ஒட்டன்சத்திரமாக இருந்தால் என்ன, பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் திறக்கும். இராத்திரி போகிறான், விடியலில் வருகிறான், எங்கே போவான்? வேறு எங்கே! போகக்கூடாத வீட்டுக்குத்தான் என்று சிலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

அவர் போனது எந்த வீட்டுக்கு? அசாதோ என்ற ஆசானின் வீட்டுக் கொல்லைக்கு. அந்தப் பெரியவர் உடை கலையாமல், முதுகு வளையாமல் மேலே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு. கீழே இருட்டில் இவர் கட்டா செய்வார். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மேலிருந்து ஒரே சொல் வரும்: "இன்னொரு தரம்!" செய்வார். வியர்வை கண்ணில் இறங்கும். "இன்னும் கொஞ்சம்!" செய்வார். மறுநாள் இராத்திரி போவார், அதே கட்டா. "இன்னொரு தரம்!" மாதம் போகும், அதே கட்டா. அடுத்த கட்டாவைக் கேட்க முடியாது, ஆசான் மனம் நிறைந்தால்தான் அடுத்தது. நிறைந்த அன்றைக்கு என்ன பாராட்டு தெரியுமா? "நன்று." ஒரே சொல். அதற்கு மேல் கிடையாது. அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அவர் விடியலில் நடந்து வருகிறார், ஜன்னலிலிருந்து பார்ப்பவர்கள், பார், அந்த வீட்டிலிருந்து வருகிறான் என்கிறார்கள்!

ஊர்ப் பழியைத் தாங்கிக்கொண்டு, இருட்டில், ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்த அந்த மனிதரா அவசரக்காரர்? மாற்றும் உரிமை அவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு, நடுவர் அவர்களே? அவர் 1922-ல், ஐம்பது வயதைத் தாண்டி, டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைக் காட்டினார். இதோசு வைத்த ஐந்தில் முதலாவதைவிட இரண்டாவது பிள்ளைகளுக்கு எளிது என்று கண்டு இரண்டையும் இடம் மாற்றினார். பின்னான் என்பதை ஹெயான் என்றார். எழுத்து அதே எழுத்து, ஜப்பானியர் படிக்கும் ஓசை அது. காலம் மாறுகிறது, இந்தக் கலையும் மாறத்தான் வேண்டும், இன்றைய மாணவர் செய்வது நான் சிறுவனாகக் கற்றதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது என்று அவரே எழுதினார். மறைக்கவில்லை, வருந்தவும் இல்லை. பெற்றவரே வருந்தாதபோது நாம் ஏன் ஒப்பாரி வைக்க வேண்டும்?

மூன்றாவது சொம்பு. மகன் யோஷிதாகா. அண்ணன் இங்கே சிரித்துக்கொண்டே சொன்னார்: "நேராக உதைத்த காலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டான் பிள்ளை, அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்." உண்மைதான். இரண்டாம் ஹெயானில் ஒகினாவாவில் முன்னுதை, ஷோட்டோகானில் பக்கவுதை. காலை அகட்டித் தாழ்ந்து நிற்கும் நீண்ட நிலைகள், எட்டிப் போகும் வீச்சு, எல்லாம் யோஷிதாகாவின் காலத்தில் வந்தவை. எதற்காகத் திருப்பினார் என்பதற்கு உடற்கூறு, வேகம் என்று விளக்கம் சொல்ல வந்தேன். குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். அது இருக்கட்டும்.

அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1906-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே காசநோய். நெஞ்சு அரிக்கப்பட்ட ஒருவர்தான் அத்தனை தாழ்ந்து நின்று, அத்தனை தூரம் காலை வீசினார். 1930-களின் பிற்பாதியில் டோக்கியோவில் மாணவர்கள் அப்பாவின் புனைபெயரில் ஷோட்டோகான் என்று பயிற்சிக்கூடம் கட்டினார்கள். 1945-ல் குண்டுவீச்சில் அது எரிந்தது. பிறந்த மண்ணான ஒகினாவாவில் போர் நடந்து ஷூரியே தரைமட்டமானது. அதே வருடம் நவம்பரில் யோஷிதாகா போய்விட்டார். வயது 39. இரண்டு வருடத்தில் ஃபுனாகோஷியின் மனைவியும் போனார். பெரியவருக்கு எண்பது நெருங்குகிறது. மனைவி இல்லை, கூடம் இல்லை, அந்த மகன் இல்லை.

1949-ல் ஜப்பான் கராத்தே சங்கம் தொடங்கியபோது மாணவர்கள் அந்தக் கிழவரைத் தலைமை ஆசானாக உட்கார வைத்தார்கள். எண்ணிப் பாருங்கள். அவர் முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்று இரண்டாம் ஹெயான் செய்கிறார்கள். கால் எழும்புகிறது, பக்கவாட்டில் போகிறது. அவர் கற்றது அப்படி இல்லை. அசாதோவின் கொல்லையில் அந்த இருட்டில் அவர் கால் அப்படிப் போனதே இல்லை. அது மகனுடைய கால். செத்துப்போன பிள்ளை, அத்தனை பேர் காலிலும் உதைத்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தத் தகப்பனிடம் போய், ஐயா, காலைப் பழையபடி நேராக்கிவிடுங்கள் என்று சொல்ல உங்களால் முடியுமா, அண்ணே? என்னால் முடியாது. இன்று சாயங்காலம் நம் மஞ்சள் பெல்ட் பிள்ளைகளின் கால் பக்கவாட்டில் எழும்பியபோது, இன்னொரு தரம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றியது.

வணக்கம்.