எல்இடி திரையைக் கணினி கண்டுகொள்ளாதபோது எங்கே தேட வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையிலிருந்து பேசுகிறேன். மாலையில் வரவேற்பு. எனக்குப் பின்னால் தெரிகிற எல்இடி திரை 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். மடிக்கணினியை இணைத்தாகிவிட்டது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது. டெல்டாவில் கல்யாணம், கோயில் திருவிழா, குறுவைக்கு முன் நடக்கும் விவசாயப் பயிற்சி என்று எங்கே போனாலும் இதே புகார்தான். உடனே கணினியில் படத்தை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்து மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் அந்த முனையில் பதில் சொல்ல வேண்டியது எது, அந்தப் பதில் எங்கே அறுந்தது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

படத்தையும் ஒலியையும் கணினியிலிருந்து திரைக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பானை அருகே காட்டுகிறேன், பாருங்கள். உள்ளே 19 முனைகள். கணினி 18ஆவது முனையில் 5 வோல்ட் அனுப்புகிறது. எதிரில் கருவி இருந்தால் 19ஆவது முனை வழியாக அது தன் இருப்பைத் தெரிவிக்கும். அதன் பிறகு 15, 16ஆவது முனைகள் வழியாகக் கணினி இடிஐடி என்ற தகவலைப் படித்துக்கொள்ளும். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்டுதான். தயாரித்தவர் யார், எந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும், நொடிக்கு எத்தனை முறை என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994இல் வகுத்த ஏற்பாடு இது.

இதைத் தெரிந்துகொண்டால் நோயை அறிகுறியிலேயே பிரித்துவிடலாம். இரண்டாவது திரையே இல்லை என்று கணினி சொன்னால் பெரும்பாலும் 19ஆவது முனையின் செய்தி வரவில்லை. திரை இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை, 1024×768 போன்ற சின்ன அளவுகள் மட்டுமே பட்டியலில் வருகின்றன என்றால், இருப்பு தெரிந்துவிட்டது, இடிஐடி மட்டும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எல்இடி திரையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. திரை என்பது பல சிறு பலகைகளை அடுக்கியது. கணினி அந்தப் பலகைகளோடு பேசுவதே இல்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் வீடியோ பிராசசரோடுதான், அதாவது படத்தை வாங்கிப் பலகைகளுக்கு அனுப்பும் பெட்டியோடுதான் பேசுகிறது. பிராசசரிலிருந்து பலகைகளுக்கு லேன் கேபிள் போகிறது. ஆகவே பலகைகள் எரிந்தாலும் எரியாவிட்டாலும், கணினிக்குப் பதில் சொல்வது பிராசசர்தான். முதலில் அதற்கு மின்சாரம் கொடுங்கள், எச்டிஎம்ஐ உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள், அதன் பிறகு கேபிளைச் சொருகுங்கள். இந்தத் திரையில் அரை மீட்டர் பலகை ஒவ்வொன்றிலும் 128×128 புள்ளிகள். ஆறுக்கு நான்கு என்று அடுக்கினால் மொத்தம் 768×512. கணினி 1920×1080 அனுப்ப, பிராசசர் அதைச் சுருக்காமல் விட்டால் படத்தின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். அது கண்டறிதல் கோளாறு அல்ல, பிராசசரின் அமைப்பில் சரிசெய்ய வேண்டியது.

அடுத்தது கேபிள். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடை வரை செம்புக் கம்பியை இழுத்தால் சிக்னல் தளர்ந்துவிடும். அதனால் ஒளி இழையில் படத்தை அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் அது ஒருவழிக் கேபிள். கணினிக்கு ஒரு முனை, திரைக்கு ஒரு முனை என்று அதிலேயே அச்சடித்திருக்கும். மாற்றிச் சொருகினால் படமே வராது. சில கணினிகளில் இருக்கும் டிஸ்பிளேபோர்ட் என்ற படத் துளையிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டரையும் திருப்பிப் பயன்படுத்த முடியாது. மடிக்கணினியின் எல்லா டைப்-சி துளைகளிலும் படம் வெளியே வரும் என்றும் நம்பாதீர்கள்.

பயிற்சிக் கூடங்களில் இருக்கும் பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ என்ற பழைய வகைப் படக் கேபிளைச் சந்தேகியுங்கள். அதில் இடிஐடி தகவல் போவது 12, 15ஆவது முனைகளில். மலிவான கேபிள்களில் அந்தக் கம்பிகளே இல்லாமல் இருப்பதுண்டு, முனை வளைந்தும் இருக்கும். கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் கணினியைத் தொடுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி டூப்ளிகேட் அல்லது எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை மூடாது. மேசைத்திரை தெரிகிறது, கட்டண ஓடிடி படம் மட்டும் கறுப்பாகிறது என்றால் அது எச்டிசிபி என்ற நகல் பாதுகாப்பின் வேலை. அதற்காகக் கேபிளை மாற்றிப் பயனில்லை.

இதோ, இங்கே பிராசசரில் எச்டிஎம்ஐ உள்ளீடு தேர்வாகவே இல்லை. மாற்றியதும் படம் வந்துவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துவிட்டுத்தான் போவேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் பிராசசர் அணைந்து எழும். அந்த நேரத்தில் கணினி திரையைத் தொலைத்துவிட்டு எல்லாச் சாளரங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி நடக்கக் கூடாது. அதற்கு இந்தச் சின்ன இடிஐடி எமுலேட்டர், அதாவது திரைக்குப் பதிலாகத் தானே இடிஐடி தகவலைத் தரும் கருவி. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் இதைச் சொருகி, இதில் கேபிளைச் சொருக வேண்டும். கணினி கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே இயங்கிப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பிராசசர் அணைந்தாலும் கணினிக்குத் தெரியாது. இப்போது பிராசசரின் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி போடுகிறேன். மடிக்கணினியில் வீடியோ நிற்காமல் ஓடுகிறது, பாருங்கள்.