பந்து பொறுக்கிய பையன்

நேயர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளிகளில் 28 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். இப்போது கல்யாண வீட்டில் பார்த்தாலும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், பையன் செல்போனை விடவே மாட்டேங்கிறான். ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடலாமா?"

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அங்கே அவனுக்குச் சந்தோஷம் இருக்க வேண்டும். இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பீரியடிலேயே பெஞ்சில் தலை சாய்த்துவிடுவான். ராத்திரி இரண்டு மணிவரை போர்வைக்குள் கேம். மாலையில் கிரவுண்டுக்கு வா என்றேன், வந்தான். அப்போது போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. உயரமான பையன்களை வாலிபால் டீமில் நிறுத்திவிட்டு, இவனை வெளியே போகிற பந்தை எடுத்துப்போட விட்டேன். பத்து நாளில் நின்றுவிட்டான். கூப்பிட்டுக் கேட்டால், "கேம்ல நானும் ஆடுறேன் சார்" என்றான்.

அந்த 'நானும்' இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

செல்போன் விளையாட்டில் தோற்றால் யாரும் திட்டுவதில்லை. மறுநொடியே மறுபடி ஆடலாம். கொஞ்சம் தேறினால் அடுத்த லெவல். கூடவே கூட்டாளிகள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் மனிதனுக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பப்படி செய்வது, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு ஒட்டுறவு. மைதானத்தில் இவை கிடைக்காத பிள்ளை, கிடைக்கிற இடத்துக்குத்தானே போகும்?

அமெரிக்காவில் அமாண்டா விசெக் என்பவரின் குழு, கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் 'ஆட்டத்தில் எது சந்தோஷம்' என்று கேட்டு ஓர் ஆய்வு செய்தது. 2014-ல் வெளிவந்தது. திரட்டிய காரணங்கள் 81. முயன்று ஆடுவதும், பயிற்சியாளர் தட்டிக்கொடுப்பதும், டீமில் ஒற்றுமையாக இருப்பதும் மேலே நின்றன. ஜெயிப்பதற்கு 48-வது இடம்! நான் பிள்ளைகளிடம் கேட்டதெல்லாம் அந்த 48-ஐத்தான்.

5 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, நேரம் எங்கே? பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் அதுவும் போச்சு. பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் கிரவுண்டுப் பக்கமே விடாத வீடுகள் எத்தனை! அவர்கள் கையிலும் அதே செல்போன்தான் மிஞ்சுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெட்டும் கேமை நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் தவிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் போதாது, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டேன். வாலிபாலில் ஓர் அருமையான விதி உண்டு. சர்வீஸ் போடும் வாய்ப்பு எதிரணியிடமிருந்து நம் பக்கம் வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் நகர வேண்டும். அப்படி நகர்ந்து நகர்ந்து எல்லாருக்கும் சர்வீஸ் வரும். இவனுக்கும் வந்தது. முதல் நாள் பந்து வலையிலேயே விழுந்தது. "இன்னொண்ணு போடுடா" என்று பையன்கள் கத்தினார்கள். நாலாம் நாள் தாண்டியது.

செல்போனை விட்டானா என்றால், முழுசாக விடவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். அப்புறம் பல நாள் நான் கிரவுண்டுக்குப் போகும்போது, அவன் எனக்கு முன்னால் வந்து வலையைக் கட்டிக்கொண்டிருப்பான்.